உபஹார் திரையரங்கத் தீ: டிக்கெட் வாங்கிக் கொடுத்த பெற்றோர் 25 ஆண்டுகள் நடத்திய வழக்கு

1997 ஜூன் 13, வெள்ளிக்கிழமை. புதுடில்லியின் தென்பகுதியில், கிரீன் பார்க்கில் இருந்த உபஹார் திரையரங்கம். ஜே.பி. தத்தா இயக்கிய 'பார்டர்' படம் அன்றுதான் திரைக்கு வந்திருந்தது. 1971 இந்திய–பாகிஸ்தான் போரைப் பற்றிய படம். பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை வேறு. பிற்பகல் 3 மணிக் காட்சிக்குக் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மாலை 5 மணியளவில், படம் ஓடிக்கொண்டிருந்தபோது, கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த மின்மாற்றியில் தீப்பற்றியது. 59 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் 23 பேர் பிள்ளைகள். அதில் ஒரு குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

'உபஹார்' என்ற இந்திச் சொல்லுக்குப் பரிசு என்று பொருள்.

இதைவிட அதிகமான உயிர்களைக் கொண்டுபோன தீ விபத்துகள் உலகில் பல உண்டு. ஆனாலும் திரையரங்கு, மண்டபம், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் தீப் பாதுகாப்பு பற்றி இந்தியாவில் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் சொல்லப்படும் பெயர் உபஹார். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் வீட்டுக்குள் அழுதுவிட்டு அடங்கிவிடாமல் கால் நூற்றாண்டு நீதிமன்றப் படியேறியதுதான் அதற்குக் காரணம். கதவு எப்படி அடைபட்டது, யார் அடைத்தார்கள், எதற்காக அடைத்தார்கள் என்ற கேள்விகளுக்கு எழுத்து வடிவில் பதில் கிடைத்தது அவர்களால்தான்.

காலையிலேயே ஒரு தீ

உபஹார் கட்டடத்தின் தரைத்தளம் வாகன நிறுத்துமிடம். அங்கே இரண்டு மின்மாற்றிகள் இருந்தன. ஒன்று திரையரங்குக்கானது. 1000 கே.வி.ஏ. திறன் கொண்ட பெரியது, டில்லி மின்வாரியத்தினுடையது. அக்கம்பக்கத்துக்கும் அதிலிருந்துதான் மின்சாரம் போனது.

விபத்து நடந்த அன்று காலை 7 மணிக்குச் சற்று முன்பு அந்தப் பெரிய மின்மாற்றியில் ஒருமுறை தீப்பிடித்தது. அணைத்தார்கள். மின்வாரிய ஊழியர்கள் வந்து பழுது பார்த்து, முற்பகலிலேயே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மின்வடத்தின் முனையில் உலோகக் குப்பியை மாட்டி, அதற்கென்றே உள்ள இயந்திரத்தால் அழுத்தி இறுக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் சுத்தியலால் தட்டிப் பொருத்தினார்கள் என்று புலன்விசாரணையில் தெரியவந்தது. தளர்ந்திருந்த இணைப்பு மாலையில் கழன்று விழுந்தது. மின்பொறியில் மின்மாற்றியின் குளிர்விப்புத் தகடு ஓட்டையாகி, சூடான எண்ணெய் வெளியே ஓடித் தீப்பற்றியது. சிந்தும் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ள அங்கே குழி கிடையாது. சில அடி தூரத்தில் ஒரு கார் நின்றது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கார். விதிப்படி மின்மாற்றி அறையை ஒட்டி இடைவெளி விட்டிருக்க வேண்டும். கூடுதல் வண்டிகளை ஏற்றியதில் அந்த இடைவெளி காணாமல் போயிருந்தது.

எண்ணெயும் டயரும் இருக்கை மெத்தையும் எரிந்த புகை படிக்கட்டு வழியாக மேலே ஏறியது. செங்குத்தான படிக்கட்டு, கதவு மூடிய கட்டடத்தில் புகைபோக்கியைப் போலவே வேலை செய்யும். குளிரூட்டிக் குழாய்களும் தம் பங்குக்குப் புகையை இழுத்துவந்தன. முதல் தளத்து அரங்கத்தில் இருந்தவர்கள் வெளியேறித் தப்பினார்கள். அதற்கு மேலே பால்கனியில் இருந்தவர்களுக்கு வழி இல்லை.

உபஹாரில் மூச்சுத் திணறியே இறந்தார்கள். கரியமிலப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் வழியை அடைத்துவிடும். முதலில் தலைசுற்றல், பிறகு குழப்பம், பிறகு கால் நகராது. கதவைத் தேடிக் கண்டுபிடிக்க ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இருட்டில், ஒருவர் மேல் ஒருவர் விழும் நெரிசலில், அந்தச் சில நிமிடங்களும் கிடைக்காது.

எட்டு இருக்கைகளும் ஒரு வாசலும்

இந்த விபத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் பால்கனிதான்.

1973இல் திறக்கப்பட்டபோது உபஹாரில் மொத்தம் 1,000 இருக்கைகள்: கீழே 750, பால்கனியில் 250. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், டில்லி நிர்வாகம் திரையரங்குகளில் கூடுதல் இருக்கைகள் போட அனுமதித்தது. உபஹாருக்கு 100 கிடைத்தது. பால்கனியில் போட்டவற்றுக்காக வலப்புற நடைவழியை எடுத்துக்கொண்டார்கள். போதாததற்கு, உரிமையாளர் குடும்பம் உட்கார்ந்து பார்க்க எட்டு இருக்கைகள் கொண்ட தனி அறை ஒன்றை அமைத்தார்கள். அது வலப்புற வெளிவாசலை மறைத்துவிட்டது.

1979இல் நிர்வாகம் தன் அனுமதியைத் திரும்பப் பெற்றது. திரையரங்கு நிறுவனம் நீதிமன்றம் போய்ப் பால்கனி இருக்கைகளில் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொண்டது. பிறகும் சில இருக்கைகள் சேர்ந்தன. விபத்தின்போது பால்கனியில் 302 இருக்கைகள். 1983இல் பாதுகாப்புக் குறைகளுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. அதற்கும் இடைக்காலத் தடை வாங்கினார்கள். அடுத்த 14 ஆண்டுகள் தற்காலிக அனுமதியிலேயே படம் ஓடியது. 1989இல் அதே மின்மாற்றி அறையில் ஒரு தீ விபத்தும் நடந்தது. யாரும் சாகவில்லை, எனவே எதுவும் மாறவில்லை.

1997 ஜூன் 13 மாலை, பால்கனியிலிருந்து வெளிக்கூடத்துக்குப் போகும் கதவு தாழிடப்பட்டிருந்தது. வாயில் காப்பாளர் அங்கே இல்லை. ஒலிபெருக்கியில் எச்சரிக்கை வரவில்லை. படம் உடனே நிற்கவும் இல்லை. மின்சாரம் போனதும் அவசர விளக்கு எரியவில்லை. உள்ளே இருந்தவர்களே கதவை உடைத்துத் திறந்தார்கள். சிலர் சன்னல் வழியாகக் குதித்தார்கள். வெள்ளிக்கிழமை மாலைப் போக்குவரத்தைத் தாண்டி வர வேண்டியிருந்ததால் தீயணைப்பு வண்டிகளும் தாமதமாயின.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் கசக்கும். இருபது ஆண்டுகளில் பால்கனியில் கூட்டிய இருக்கைகள் ஐம்பதுக்குச் சற்று மேல். பால்கனியில் போன உயிர்கள் 59.

உன்னதி, உஜ்வல்

அன்று பால்கனியில் இருந்தவர்களில் உன்னதிக்கு 17 வயது, தம்பி உஜ்வலுக்கு 13. அவர்கள் கேட்டதால் டிக்கெட் ஏற்பாடு செய்து கொடுத்தவர் தாயார் நீலம் கிருஷ்ணமூர்த்தி. பிள்ளைகளைப் படத்துக்கு அனுப்பிவிட்டு நீலமும் கணவர் சேகரும் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இல்லாத காலம். பிள்ளைகளிடமிருந்து தகவல் வராத மாலைப்பொழுது இரவானது. எய்ம்ஸ் மருத்துவமனையில் இருவரின் உடல்களையும் கண்டார்கள்.

அந்த டிக்கெட்டைத் தன் கையால் வாங்கினோமே என்ற எண்ணம் தன்னை விடவில்லை என்பதை நீலம் பின்னாளில் பலமுறை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பிள்ளையைப் படத்துக்கு அனுப்பியது எந்தத் தாய்க்கும் குற்றமாகாது. ஆனால் அதைப் பிறர் சொல்லிக் கேட்டு மனம் ஆறிவிடுவதில்லை.

துக்க நாள்களில் நாளிதழ்களைத் திரும்பத் திரும்பப் படித்தபோதுதான் அவர்களுக்கு ஒன்று உறைத்தது. கீழே இருந்தவர்கள் தப்பியிருக்கிறார்கள். மேலே இருந்தவர்கள் மட்டும் ஏன் செத்தார்கள்? கேள்வி எழுந்தபின் அவர்கள் செய்த முதல் வேலை எளிமையானது. நாளிதழ்களில் வந்த மரண அறிவித்தல்களைப் பார்த்து, அவற்றில் இருந்த தொலைபேசி எண்களுக்கு அழைத்தார்கள். துக்க வீட்டுக்கு இன்னொரு துக்க வீட்டிலிருந்து அழைப்பு. 1997 ஜூன் 30 அன்று உபஹார் தீயில் பாதிக்கப்பட்டோர் சங்கம் உருவானது. 28 குடும்பங்கள் அதில் சேர்ந்தன. ஒரே குடும்பத்தில் பலரை இழந்தவர்கள் உண்டு. மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு படம் பார்க்க வந்து மூவருமே இறந்த இராணுவ அதிகாரியின் உறவினர்களும் உண்டு. மூத்த வழக்கறிஞர் கே.டி.எஸ். துளசி கட்டணம் வாங்காமல் வழக்கை நடத்த முன்வந்தார்.

பிள்ளை உயிருக்கு என்ன விலை

இரண்டு வழக்குகள் தனித்தனியே நடந்தன. ஒன்று இழப்பீட்டுக்கானது, மற்றது குற்றவியல் வழக்கு.

இழப்பீட்டு வழக்கில் 2003 ஏப்ரலில் டில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர் இறந்திருந்தால் குடும்பத்துக்கு 18 லட்சம் ரூபாய். 20 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால் 15 லட்சம். திரையரங்கு நிறுவனம் 55 விழுக்காடு பொறுப்பு, மின்வாரியம், மாநகராட்சி, உரிமம் வழங்கிய காவல்துறை ஆகியவை தலா 15 விழுக்காடு என்று பிரித்தது. 2011 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தொகைகளை 10 லட்சமாகவும் 7.5 லட்சமாகவும் குறைத்தது. மாநகராட்சியையும் காவல்துறையையும் பொறுப்பிலிருந்து விடுவித்தது. படிப்பினையாக விதிக்கப்பட்டிருந்த 2.5 கோடி ரூபாய் 25 லட்சமாகச் சுருங்கியது.

வயதுக்கேற்ப வேறுபாடு ஏன் என்று கேட்கலாம். இழப்பீட்டுச் சட்டம் பெரும்பாலும் வருமானத்தை வைத்தே கணக்குப் பார்க்கும். இறந்தவர் இருந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார், அதில் குடும்பத்துக்கு எவ்வளவு சேர்ந்திருக்கும் என்பதே அதன் அளவுகோல். பிள்ளை இன்னும் சம்பாதிக்கவில்லை; ஆகவே மதிப்பும் குறைவு. கணக்காளருக்கு இது சரியாகப் படும். உன்னதியின் பெற்றோருக்கு எப்படிப் பட்டிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

குற்றவியல் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறை எடுத்துக்கொண்டு, 1997 நவம்பரிலேயே 16 பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. தீர்ப்பு வரப் பத்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் நான்கு பேர் இறந்துவிட்டார்கள். 2007 நவம்பரில் 12 பேர் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். உரிமையாளர்களான சுசீல் அன்சல், கோபால் அன்சல் சகோதரர்களுக்கு இரண்டு ஆண்டுச் சிறை. கட்டட வணிகத்தில் டில்லியில் பெரும்புள்ளிகள் இவர்கள். அலட்சியத்தால் மரணம் விளைவித்தல் என்ற பிரிவு 304ஏ–யில் கொடுக்கக்கூடிய உச்ச தண்டனையே அந்த இரண்டு ஆண்டுகள்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்தின் அந்தப் பிரிவு இதே எண்ணில், இதே இரண்டு ஆண்டு உச்சவரம்போடு மலேசியத் தண்டனைச் சட்டத்திலும் இருக்கிறது. இந்தியாவில் 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய சட்டம் அதை ஐந்து ஆண்டுகளாக உயர்த்தியிருக்கிறது.

2008இல் உயர் நீதிமன்றம் சகோதரர்களின் தண்டனையை ஓராண்டாக்கியது. 2014இல் உச்ச நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தது; ஆனால் தண்டனை எவ்வளவு என்பதில் இரு நீதிபதிகளும் உடன்படவில்லை. 2015 ஆகஸ்டில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஆளுக்கு 30 கோடி ரூபாய் கட்டினால் ஏற்கெனவே சிறையில் இருந்த சில மாதங்களே போதும் என்றது. பணம் கட்டிச் சிறையிலிருந்து தப்பலாமா என்று நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. 2017 பிப்ரவரியில் மறுஆய்வு செய்த உச்ச நீதிமன்றம் கோபால் அன்சல் ஓராண்டின் மிச்சத்தைச் சிறையில் கழிக்க வேண்டும் என்றது. சுசீல் அன்சலுக்கு வயதைக் காரணம் காட்டி விலக்கு அளித்தது.

வழக்கின் இன்னொரு கிளை இதைவிட வியப்பானது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே நீதிமன்றப் பாதுகாப்பில் இருந்த ஆவணங்கள் சில காணாமல் போயின. சில தாள்கள் கிழிக்கப்பட்டிருந்தன, சிலவற்றில் மை கொட்டப்பட்டிருந்தது. திரையரங்கின் அன்றாட நிர்வாகத்தில் சகோதரர்களுக்குப் பங்கு உண்டு என்று காட்டும் தாள்களாகப் பார்த்து அது நடந்திருந்தது. நீதிமன்ற எழுத்தர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். பெற்றோர் இதையும் விடவில்லை. தனி வழக்காக நடத்தினார்கள். 2021 நவம்பரில் சகோதரர்களுக்கு ஏழாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 59 பேர் இறந்ததற்குக் கிடைக்காத தண்டனை தாளைக் கிழித்ததற்குக் கிடைத்தது. அதுவும் நிலைக்கவில்லை: 2022 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தை உறுதிசெய்தாலும், சிறையில் இருந்த காலமே போதும் என்று விடுவித்தது.

நீலமும் சேகரும் 2016இல் தங்கள் அனுபவத்தை 'டிரையல் பை ஃபயர்' என்ற நூலாக எழுதினார்கள். அதை வைத்து எடுத்த தொடர் 2023 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மலேசியாவில் பலர் உபஹார் என்ற பெயரைக் கேட்டதே அதன் பிறகுதான். அதே ஆண்டு, 26 ஆண்டுகளாக முத்திரையிட்டுக் கிடந்த கட்டடத்தைத் திறந்து உரிமையாளரிடம் கொடுக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு எதிரே 'ஸ்மிருதி உபவன்' என்ற நினைவுப் பூங்கா இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூன் 13 அன்று குடும்பங்கள் அங்கே கூடுகின்றன.

தள்ளினால் திறக்கும் கதவு

அடைபட்ட கதவுக்குப் பின்னால் பிள்ளைகள் இறந்தது டில்லியில் மட்டுமல்ல. 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இரொக்குவாய் நாடக அரங்கில் 602 பேர் மாண்டார்கள். விடுமுறைக்காலப் பகற்காட்சி என்பதால் பெரும்பாலும் தாய்மாரும் பிள்ளைகளும். தீயே பற்றாத அரங்கம் என்று விளம்பரம் செய்யப்பட்டது அது. 1929 டிசம்பர் 31 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் கிளென் திரையரங்கில் பிள்ளைகளுக்கான காட்சி. படச்சுருள் பெட்டி ஒன்று புகைந்தது. பெருந்தீ என்று எதுவும் இல்லை. புகையைப் பார்த்துப் பயந்து ஓடிய 71 பிள்ளைகள், திறக்க முடியாத வாசலருகே நசுங்கியும் மூச்சுத் திணறியும் இறந்தார்கள்.

இன்று பேரங்காடிகளிலும் திரையரங்குகளிலும் வெளிக்கதவின் குறுக்கே இடுப்பளவில் ஓர் இரும்புத் தண்டு இருக்கும். உடம்பால் தள்ளினாலே கதவு வெளிப்பக்கம் திறந்துகொள்ளும். அந்த வகைத் தாழ் இரொக்குவாய் தீக்குப் பிறகு வந்தது. அந்தக் காட்சிக்குப் போக நினைத்து வேலை காரணமாகப் போகாமல் தப்பிய கார்ல் பிரின்ஸ்லர் என்ற இரும்புச்சாமான் வணிகர்தான் அதற்கு முனைந்தவர்.

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் நம் தாத்தா பாட்டிக்கு இந்தக் கவலை கிடையாது. திடலுக்குக் கதவு இல்லை. கதவும் பூட்டும் கூரையும் உள்ள இடத்தில் கூட்டம் கூடத் தொடங்கிய பிறகுதான் இந்தப் பயமும் வந்தது.

குருணுக்குப் பக்கத்திலேயே அப்படி ஓர் இரவு இருந்திருக்கிறது. 1989 செப்டம்பர் 22 அன்று, யான் மாவட்டம் பாடாங் லுமாட்டில் சமயப் பள்ளி ஒன்றின் மரத்தாலான மாணவியர் விடுதிகள் எரிந்தன. 27 மாணவியர் இறந்தார்கள். குவார் செம்படாக், குருண் வட்டாரத்தில் மூத்தவர்களைக் கேட்டால் இன்றும் அதைப் பற்றிச் சொல்வார்கள். 2017 செப்டம்பர் 14 விடியலில் கோலாலம்பூர் கம்போங் டத்தோ கெராமட்டில் ஒரு தஹ்ஃபிஸ் பள்ளி எரிந்து 23 பேர் இறந்தார்கள். அவர்களில் 21 பேர் மாணவர்கள். அந்தத் தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது. ஆனால் பிள்ளைகளை உள்ளேயே நிறுத்தியது சன்னலில் இருந்த இரும்புக் கம்பி. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் இறந்த பள்ளித் தீயும் தமிழர் எவருக்கும் மறக்காது.

திருடனுக்குப் பயந்து கிரில் போடுகிறோம். கிரிலுக்கு உள்ளே பூட்டு. சாவி அப்பாவின் அறையில். கடைவீட்டு மாடியில் டியூஷன் வகுப்பு. பின்வாசல் படிக்கட்டில் பெட்டிகளும் பழைய நாற்காலிகளும். கல்யாண மண்டபத்தில் கூட்டம் அதிகமாகிவிட்டால் பக்கவாசலை மறைத்து இன்னொரு வரிசை மேசை. இவை எல்லா ஊரிலும் நடப்பவை. உபஹாரில் கூட்டிய இருக்கைகளும் இப்படித்தான் ஒன்றொன்றாக வந்தன.

மலேசியாவில் 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட பொதுமண்டபங்கள், தங்குவிடுதிகள் போன்ற கட்டடங்கள் பொம்பாவிடம் தீப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற வேண்டும். அது ஓராண்டுக்குத்தான் செல்லும். ஆண்டுதோறும் சோதனைக்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். திருமணத்துக்கோ பிள்ளைகளின் நிகழ்ச்சிக்கோ மண்டபம் எடுக்கும்போது வாடகை, சாப்பாடு, வண்டி நிறுத்துமிடம் எல்லாம் கேட்கிறோம். சான்றிதழ் நடப்பில் இருக்கிறதா என்றும் கேட்கலாம். பச்சை விளக்கில் 'கெலுவார்' என்று எழுதியிருக்கும் கதவை ஒருமுறை கையால் தள்ளியும் பார்க்கலாம். வழி அடைபட்டிருந்தால் மண்டபத்தாரிடம் சொல்லி அப்போதே திறக்கச் சொல்லலாம். அவர்கள் கேட்காவிட்டால் வட்டார பொம்பா நிலையத்தில் புகார் கொடுக்கலாம். தீ என்றால் எண் 999.